காயவிட்ட வெட்டுகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரத்திலேயே பயிர்ப் பரப்புப் பதிவேடு ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். அதில் ஒவ்வொரு பயிருக்கும் ஒரு வரி. பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு நான் உதவித் தோட்டக்கலை அலுவலராக இருந்தபோது, திராட்சை என்ற வரிக்கு எதிரே 'இல்லை' என்று எழுதுவது என் பணிகளில் ஒன்று. எனக்கு முன்னால் இருந்தவரும் அதையேதான் எழுதியிருந்தார். அவருக்கும் முன்னால் இருந்தவரின் கையெழுத்து புரியவில்லை, ஆனால் அதுவும் 'இல்லை' போலத்தான் தெரிந்தது. உப்புக் காற்றும் மணலும் மீனும் உள்ள ஊரில் இந்த ஒரு வரியிலாவது தவறு வராது என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதி தோணிரேவுக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில் போனது. தென்னங்கன்று கொடுக்கப் போயிருந்தேன். கன்று வாங்க வந்த செல்வி என்ற பெண், வெயிலில் வந்திருக்கிறேனே என்று தன் வீட்டுக்கு அழைத்துப்போய் ஒரு கிண்ணம் நிறையப் பன்னீர் திராட்சையை எடுத்து வந்து வைத்தாள். எங்கே வாங்கியது என்று கேட்டேன்.

"வாங்கல மேடம். பின்னால கீது" என்றாள்.

பின்னால் போய்ப் பார்த்தேன். சவுக்குக் கழிகளை நட்டு, கம்பிக்குப் பதிலாகப் பழைய வலைக் கயிறுகளை இழுத்துக் கட்டிய பந்தல். அதன் மேல் பதினெட்டுத் திராட்சைக் கொடிகள். அடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார் செல்வியின் கணவர் ஏழுமலை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார். அவர் எழுந்து முடிப்பதற்குள் நான் ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டேன்.

ஏழுமலை கடலுக்குப் போகிறவராக இருந்தவர். போட்டைக் கரையேற்றும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. பொன்னேரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இனி வலை இழுக்கிற வேலை கூடாது, மீறினால் ஒரு நாள் படுத்த படுக்கைதான் என்று சொல்லிவிட்டார். அதற்கு முன்பே, மீன்பிடித் தடைக் காலம் ஒன்றில் வேலை தேடி லாரியில் கம்பம் பக்கம் போனவர், ஒரு திராட்சைத் தோட்டத்தில் இரண்டு மாதம் சுமை தூக்கிவிட்டு, வரும்போது இருபது குச்சிகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். பதினெட்டு பிழைத்தன. இடுப்பு போன சமயத்தில் கொடி காய்க்கத் தொடங்கியிருந்தது. பழவேற்காடு மார்க்கெட்டில் மீன் கூடைகளுக்குப் பக்கத்தில் செல்வி திராட்சைக் கூடையோடு உட்கார்ந்தாள். பழத்தில் மீன் வாடை அடிக்குமோ என்று சிலர் மூக்கைச் சுளித்தார்களாம். முகர்ந்து பார்த்துவிட்டு வாங்கிப் போனார்களாம்.

ஆக, அந்தப் பதினெட்டுக் கொடிகள் இருக்கிற வரைக்கும் அந்த மனிதர் போட்டில் ஏறத் தேவையில்லை. கொடி போனால் ஏறியே ஆகவேண்டும். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு வைத்துக்கொள்ளவில்லை. பதிவேட்டில் 'இல்லை' என்பதை அடிக்க வேண்டுமே, அதற்கு யாரிடம் அனுமதி வாங்குவது என்பதுதான் என் கவலையாக இருந்தது.

சந்தோஷமும் இருந்தது, மறைப்பானேன். நான் பணியில் சேர்ந்த முதல் ஐந்து வருடம் கம்பம் பள்ளத்தாக்கில்தான் வேலை பார்த்தேன். திராட்சை என் கையில் ஊறிய பயிர். அதன் பிறகு ஏரிக் கரைக்கு மாற்றலாகி வந்து தென்னங்கன்றும் முருங்கை விதையும் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு, தெரிந்த பயிர் ஒன்று எதிரே வந்து நின்றால் எப்படி இருக்கும்? ஏழுமலை கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்பது.

கவாத்து பற்றியும் சொன்னேன். நீங்கள் படித்ததுதான். கொடியை வெட்டினால் அந்த வெட்டு ஒரு காயம். மழைத் துளியில் பூஞ்சை வித்து வந்து அந்தக் காயத்தில் விழும், உள்ளே இறங்கும், கட்டை வழியாகக் கீழே போகும். வெளியே ஒன்றும் தெரியாது. தெரியும்போது ஒரு கை, அதாவது பந்தலில் படரவிட்ட கிளை ஒன்று, செத்திருக்கும். அதனால் வெட்டிய இடத்தை மூட வேண்டும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுத்தேன். இரும்புப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது என்பதை மட்டும் அரை மணி நேரம் சொன்னேன். செல்வி வீட்டிலிருந்த பாத்திரங்களை எல்லாம் கொண்டு வந்து காட்டினாள். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, இது ஆகும், இது ஆகாது என்று தீர்ப்புச் சொன்னேன். கடைசியில் பெயிண்ட் வாளி ஒன்று, பிளாஸ்டிக், தேர்வானது.

எப்போது பூச வேண்டும் என்று சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். பள்ளத்தாக்கில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை, அதுதான் காரணம். அங்கே கத்தரியோடு ஒருவர் முன்னால் போவார், பசை டப்பாவை இடுப்பில் கட்டிக்கொண்டு இன்னொருவர் பின்னாலேயே போவார். இருவருக்கும் நடுவில் நாலு கொடி இடைவெளி வந்துவிட்டாலே மேஸ்திரி சத்தம் போடுவார். அவர் பெயர் எனக்கு நினைவில்லை, சத்தம் நினைவிருக்கிறது. அங்கே அது நடையைப் போல நடக்கிற காரியம். வலது காலுக்குப் பிறகு இடது காலை எடுத்துவை என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்களா? உங்களுக்கு எது சொல்லாமலே தெரியுமோ, அதைத்தான் நீங்கள் சொல்ல மறப்பீர்கள். என் முப்பது வருடச் சர்வீசில் நான் தெரிந்துகொண்டதில் உருப்படியானது இதுதான்.

அந்த மார்கழியில் ஏழுமலை கவாத்து செய்தார். பூசி முடித்ததும் போன் செய்தார், போய்ப் பார்த்தேன். என் சர்வீசில் அப்படி ஒரு பூச்சைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு கோட்டு, ஓரம் பிசிறில்லாமல், போட்டுக்குப் பெயர் எழுதுகிற கை நேர்த்தியோடு. வெளிர் நீலத்தில் பந்தல் முழுக்கப் பொட்டு வைத்தது போல இருந்தது.

"இன்னா மேடம், ஷோக்கா கீதா?" என்றார்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். போட்டோ எடுத்து அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மேலதிகாரி கை கூப்பும் படம் ஒன்றை அனுப்பினார். இரண்டாம் வருடமும் போனேன், பாராட்டினேன், போட்டோ எடுத்தேன். மூன்றாம் வருடமும். மேலதிகாரி மாறிவிட்டார், கை கூப்பும் படம் மாறவில்லை.

நான்காம் வருடம், மார்கழிக்கு அடுத்து வருகிற ஆனி கவாத்துக்குப் பிறகு, மேற்கு ஓரத்துக் கொடி ஒன்றில் ஒரு கை துளிர்க்கவில்லை. அடுத்த கொடியில் துளிர் வந்தது, இலை மட்டும் சின்னதாக, வெளிறி, குவிந்து நின்றது. ஏழுமலை போன் செய்தார். போய்ப் பார்த்தேன். மேற்கே ஏரி. காற்று அங்கிருந்து அடிக்கிறது. இலை வெளிறியிருக்கிறது. உப்பு என்று முடிவு செய்தேன். நுண்ணூட்டம் எழுதிக் கொடுத்தேன். பூச்சு போடாத தோட்டமாக இருந்தால் முதலில் பூஞ்சையைத்தான் சந்தேகித்திருப்பேன். இங்கேதான் பூச்சு இவ்வளவு அழகாக இருக்கிறதே!

நுண்ணூட்டம் கொடுத்தார்கள். ஐந்து மாதம் போனது. ஆறு கொடிகளில் அதே அறிகுறி. நடுவில் மழைக்காலமும் போனது.

தை பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது செல்வி போன் செய்தாள். எப்போதும் போன் செய்கிறவர் ஏழுமலைதான். "அவரு கொடிய எல்லாம் புடுங்கிப் போட்றேன்னு சொல்றாரு மேடம். அவங்க மாமா செட்டுல சேத்துக்கறேன்னு சொல்லிட்டாராம். பொங்கல் முடிஞ்சா போட்டு ஏறப் போறாராம்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த இடுப்ப வச்சிக்கினு ஏறினா, தூக்கிக்கினுதான் வருவாங்க" என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போய் இறங்கினேன். ஏழுமலை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மண்வெட்டி இருந்தது. கன்னியம்மா என்ற பெண்ணும் நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும். பறி என்கிற ஓலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஏரியில் கழுத்தளவுத் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கிறவள். கொடி பிடுங்க ஏழுமலைக்குக் குனிய முடியாது என்பதால் கூலிக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"ஒரு கையை மட்டும் அறுத்துப் பாத்துக்கறேன். அப்புறம் பிடுங்கறதுன்னா பிடுங்குங்க" என்றேன்.

செத்த கையை ரம்பத்தால் அறுத்தேன். வெட்டு முகத்தில் தர்பூசணிக் கீற்று வடிவத்தில் பழுப்பாக ஒரு கறை, நடுவரைக்கும் இறங்கியிருந்தது. உப்பு அப்படி ஆப்பு அடிக்காது. நாலு விரற்கடை கீழே மறுபடி அறுத்தேன். கறை சிறுத்தது. இன்னும் கீழே அறுத்தேன். கட்டை வெள்ளையாக, ஈரமாக, சுத்தமாக இருந்தது.

அந்த வெள்ளையைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. அடிக்கட்டை இன்னும் பிழைத்திருக்கிறது. ஆறு கொடிகளையும் இப்படிக் கறைக்குக் கீழே வெட்டிவிட்டால், அடியிலிருந்து புதுத் துளிர் வந்து ஒரு வருடத்தில் மறுபடி பந்தல் ஏறும். மீதிப் பன்னிரண்டும் காய்த்துக்கொண்டிருக்கும். அதை ஏழுமலையிடம் சொன்னேன். அவர் மண்வெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் செல்வியைப் பார்த்தார்.

"சரி, வெட்டுங்க" என்றார்.

"பசை எங்கே?" என்றேன்.

"இன்னா மேடம் அவசரம்? காயட்டும். கொஞ்ச நாள் வெயில்ல காஞ்சாத்தான பசை புடிக்கும்."

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. ரம்பத்தைக் கீழே வைத்தேன்.

"எப்பவும் காயவச்சுத்தான் பூசுவீங்களா?"

"பின்ன? போட்டுப் பலகைய சொரண்டிட்டு ஈரத்தோட பெயிண்ட் அடிச்சா இன்னா ஆவும்? உள்ள ஈரத்த வச்சி மூடினா உளுத்துப்பூடும். எங்க நைனா அஞ்சு நாள் காயவப்பாரு. நான் திராட்சைக்கு ஒரு நாள் கூடப் போட்டு ஆறு நாள் வச்சேன். பச்ச மரமாச்சே."

அந்த ஆறாவது நாளைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை. எனக்காகக் கூடுதல் கவனம் எடுத்திருக்கிறார். மார்கழித் தூறல் விழுகிற ஆறு நாட்கள், ஒவ்வொரு காயத்தையும் திறந்து வைத்து, பூஞ்சை குடியேறி முடித்த பிறகு, அதன் மேல் இரண்டு கோட்டு நேர்த்தியாகக் கதவைச் சாத்தியிருக்கிறார். நான் போய் மூன்று வருடம் போட்டோ எடுத்திருக்கிறேன்.

விளக்க ஆரம்பித்தேன். வித்து, திசு, காயம் ஆறும் விதம் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், ஒரு வார்த்தை நம்பவில்லை. நம்பாததும் நியாயம்தான். தலைமுறை தலைமுறையாக அவர்களுடைய போட்டுகளைக் காப்பாற்றிய வித்தையை ஒரு பயிற்சிக் கையேட்டை வைத்து நான் தள்ளச் சொல்கிறேன். அதுவும் உப்பு என்று ஐந்து மாதம் முன்னால் சொன்ன அதே வாயால்.

கன்னியம்மாதான் குறுக்கே வந்தாள்.

"இன்னாணா சொல்ற? கைல வெட்டு பட்டா நாலு நாள் காயவச்சிக்கினா ஏரில எறங்கறோம்?" என்று தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். விரலெல்லாம் தழும்பு. "எறா கொம்பு குத்தினா அப்பவே மஞ்சளும் சுண்ணாம்பும் வச்சி, துணி சுத்தி, ரப்பர் போட்டுக்கினுதான் தண்ணில கால வைக்கிறது. தொறந்து வச்சா ஏரித் தண்ணி பூந்து சீழ் கட்டிக்கும். அப்புறம் மேல இன்னா பூசினாலும் உள்ள வலிச்சிக்கினேதான் இருக்கும்."

"அது கை. இது மரம்" என்றார் ஏழுமலை.

"பலகைதான் செத்த மரம். இது உசுரோட கீதே, துளிர் வுடுதே! இது கைதான்."

ஏழுமலை அந்த வெள்ளை வெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செல்வியிடம் வாளியைக் கொண்டு வரச் சொன்னார். நான் படித்த நாலு வருடப் படிப்பும் அத்தனை வருட அனுபவமும் அங்கே நின்று வேடிக்கை பார்த்தன.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். நான் அறுக்கிறேன். அறுத்த கணமே கன்னியம்மா பூசுகிறாள். ஏழுமலை ஸ்டூலில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு கொடிக்கும் நடுவில் ரம்பத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் தருகிறார். செல்வி அறுத்த கட்டைகளை எடுத்துக் கொளுத்தப் போடுகிறாள். பத்து மணிக்கு மேலதிகாரி கூப்பிட்டார். திங்கட்கிழமை சென்னையிலிருந்து இரண்டு பேர் திராட்சையைப் பார்க்க வருகிறார்கள், அதுவரை வெட்டாமல் பந்தல் நிறைய வைத்திருங்கள் என்றார். திங்கட்கிழமை வரை மழை வராதா என்று கேட்டேன். மழை நம் துறையில் வராது என்றார். நான் மூன்றாவது கொடியில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

என் போனில் ஞாயிற்றுக்கிழமைதான் மழை போட்டிருந்தது. அன்றைக்கு வெள்ளி. பூச்சு உலர நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுத்தான் இறங்கியிருந்தேன். நாலு கொடி முடிந்தபோது மணி இரண்டு. சாப்பிட்டுவிட்டு மீதி இரண்டையும் முடித்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே திரும்பினால், ஏழுமலை ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொண்டல் திரும்பிட்சி மேடம்" என்றார். கீழைக்காற்றை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். "ஒரு மணி நேரத்துல தூறும்."

வானம் எனக்கு வெளுப்பாகத்தான் தெரிந்தது. போனை எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"ஒரு மணி நேரம் கீதே. ரெண்டுதான பாக்கி, வெட்டிடலாம். மொத்தமா முடிஞ்சிப்பூடும்" என்றார். செல்வியும் அதையே சொன்னாள். கன்னியம்மா ஏற்கனவே அடுத்த கொடியருகில் போய் நின்றிருந்தாள். அவர்களுக்கு அந்த ஆறும் முடிந்தால் போதும். எனக்கும் முடிக்கத்தான் ஆசை. முடித்துவிட்டால் அந்த மூன்று வருடத்தையும் சேர்த்து முடித்த மாதிரி இருக்கும் என்று ஒரு நப்பாசை.

வேண்டாம் என்றேன். மழையைப் பற்றி அவர் சொன்னதை நம்பினேன். கொடியைப் பற்றி நான் சொல்வதை அவர் கேட்க வேண்டும் என்றேன். அடிக்கட்டையில் பெரிய வெட்டுப் போட்டு, பூச்சு உலராமல் மழையில் நனைந்தால், இத்தனை நாள் கறை இறங்காத இடத்துக்கே நாம் கதவைத் திறந்து கொடுத்ததாகிவிடும். வெட்டிய நாலைக் காப்பாற்றுவோம், வெட்டாத இரண்டையும் பிறகு பார்ப்போம். ஏழுமலை ரம்பத்தைத் துடைத்துக் கீழே வைத்தார். நான்காவது கொடியின் பூச்சைத் தொட்டுப் பார்த்தேன், விரலில் நீலம் ஒட்டியது.

"எதனா மூடணும்" என்றாள் கன்னியம்மா. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஓடிப்போய், மீனுக்கு ஐஸ் போட்டு அனுப்புகிற தெர்மாகோல் பெட்டிகளைக் கொண்டு வந்தாள். ஒரு பக்கத்தில் கத்தியால் வாய் வெட்டி, குப்புறக் கவிழ்த்து, நாலு கட்டைகளின் தலையிலும் மாட்டி, வலைக் கயிற்றால் கட்டினாள். நாலாவது முடிச்சைப் போடும்போது முதல் துளி விழுந்தது. மணி மூன்றுகூட ஆகவில்லை. என் போன் அப்போதும் ஞாயிற்றுக்கிழமை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

கூரைக்குள் ஒதுங்கி நின்றோம். அங்கே வைத்துத்தான் சொன்னேன்: "வெட்டினதும் பூசணும்னு முதல் நாளே நான் சொல்லியிருக்கணும் ஏழுமலை. சொல்லல. தப்பு என் மேலதான், உங்க மேல இல்ல."

"வுடுங்க மேடம். நீங்க இன்னா வேணும்னா செஞ்சீங்க?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மழை ஒன்பது நாள் விட்டு விட்டுப் பெய்தது. வெயில் வந்து நான் போனபோது, மீதி இரண்டு கொடிகளிலும் கறை அடிக்கட்டைக்குள் இறங்கியிருந்தது. இரண்டையும் பிடுங்கி எரிக்க வேண்டியதாயிற்று. வெள்ளிக்கிழமையே வெட்டியிருந்தால் பிழைத்திருக்குமா, அல்லது மழையில் நனைந்து சீக்கிரம் செத்திருக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்படித் தெரியாமலே போகும் முடிவுகளை நீங்களும் எடுப்பீர்கள். அது உங்களைக் கொஞ்ச நாள் தூங்க விடாது, பரவாயில்லை.

மாசி பாதியில் ஏழுமலை போன் செய்தார். "மேடம், நாலும் துளிர்த்துட்சி. மாமா கிட்ட வரலன்னு சொல்லிட்டேன்" என்றார். அன்றைக்கே கிளம்பிப் போனேன். பெட்டியைக் கழற்றிய கட்டைகளில், நீலப் பூச்சுக்குக் கீழே, சுண்டு விரல் நீளத்துக்குப் பச்சை. ஏழுமலை ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தேன்.

அப்போது டீ கொண்டு வந்த செல்வி, தம்ளரைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"ரெண்டாம் வருசம் நீங்க வந்தப்ப அவரு பூசிக்கினு இருந்தாரு. நான் கவாத்து பண்ண குச்சிய எடுத்து ஒடிச்சி அடுப்புல வச்சி உங்களுக்கு டீ போட்டேன். பட்டுனு ஒடஞ்சிது, பத்திக்கினு எரிஞ்சிது. நீங்க பாத்துக்கினுதான் இருந்தீங்க. வெட்டி அத்தினி நாள் ஆவுதுன்னு உங்களுக்கு அப்பவே தெரியலயா மேடம்?"

இதை உங்களிடமும் இதுவரை சொல்லாமல்தான் எழுதிக்கொண்டு வந்தேன். தெரிந்தது. பச்சைக் குச்சி அப்படி ஒடியாது. எப்போது வெட்டினீர்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. முதல் வருடப் போட்டோவைப் பார்த்து மேலே எல்லாரும் பாராட்டியிருந்தார்கள். நாலு மணி பஸ் இருந்தது. எதற்குக் கிளற வேண்டும் என்று தோன்றியது. டீயைக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். மழையில் நான் ஒப்புக்கொண்டது, சொல்ல மறந்த குற்றத்தை. அது எல்லாருக்கும் வரும், மன்னிப்பும் சுலபமாகக் கிடைக்கும். பார்த்துவிட்டுக் கேட்காமல் இருந்தது வேறு.

"தெரிஞ்சுது செல்வி. கேக்கல" என்றேன்.

ஏழுமலை துளிரைப் பார்த்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. செல்வி கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "டீ ஆறுது, குடிங்க" என்றாள். குடித்தேன். வழக்கமாகத் தெருமுனை வரை வந்து பஸ் ஏற்றி விடுகிறவள், அன்று வரவில்லை.

ஆனி கவாத்துக்கு எனக்குப் போன் வரவில்லை. நானே கூப்பிட்டேன். செல்விதான் எடுத்தாள். எப்போது வெட்டுகிறீர்கள் என்று கேட்டேன். நாளைக்கு என்றாள். நான் வரட்டுமா என்றேன்.

"நீங்க எதுக்கு மேடம் சிரமப்பட்டுக்கினு? கன்னியம்மா பாத்துக்குது" என்றாள்.

குரலில் மரியாதை குறையவில்லை. வார்த்தையிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. விரிவாக்கப் பணி என்றால் என்ன, நாம் இல்லாமலே அவர்களாகப் பார்த்துக்கொள்வதுதானே என்று உங்களில் யாராவது எனக்கு ஆறுதல் சொல்லக்கூடும். பயிற்சி வகுப்பில் நானும் அப்படித்தான் பேசியிருக்கிறேன். ஆனால் எனக்கு வலித்தது. வலிக்க வேண்டியதும்தான்.

மறுநாள் போகவில்லை, லீவு போட்டேன். ஈசல் பறக்கிற காலம், எந்த நேரமும் தூறலாம். பொன்னேரியில் என் வீட்டு மாடியில் ஒரு நாற்காலியைப் போட்டு, காலையிலிருந்து கிழக்கே, அவர்கள் குப்பம் இருக்கும் பக்கத்து வானத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்கிற வரைக்கும் மழை வரவில்லை.